சன்னாசியின் வலது தோள்

ஆபரேஷன் செய்துகொண்டே தீருவது என்று சன்னாசி முடிவு கட்டிவிட்டார்.

சும்மா ஆபரேஷன் இல்லை. தோளில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, ஒரு ஓட்டை வழியாக விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டு, எலும்பையும் நாரையும் டிவி பெட்டியில் பார்த்துக்கொண்டே ரிப்பேர் செய்கிற புது ஆபரேஷன். அதற்குக் கோலாலம்பூருக்கு ரயில் ஏறிப் போகவேண்டும். 1986-ஆம் வருஷம் பேராக் மாநிலத்துப் புந்தோங் பக்கத்தில் அப்படி ஒன்று செய்துகொண்ட ஆள் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் சன்னாசியின் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். வினையும் அங்கிருந்துதான் வந்தது.

பக்கத்து வீட்டு இளையதம்பி ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். போன வருஷம் முழங்காலில் குழாய் விட்டுக்கொண்டு வந்து, பிரம்பு நாற்காலியில் இரண்டு வாரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புந்தோங்கே திரண்டு போய்ப் பார்த்தது. ஆரஞ்சு என்ன, ஹார்லிக்ஸ் என்ன, டின் டின்னாய் பிஸ்கட் என்ன! சன்னாசியும் நாலு தடவை போனார். முதல் தடவைதான் நலம் விசாரிக்க. மற்ற மூன்று தடவையும் வேடிக்கை பார்க்க. இளையதம்பியின் மனைவி தவமணி ஆரஞ்சைப் பிழிந்து, டம்ளரை அவர் வாயருகில் பிடித்து, குடித்து முடித்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். சன்னாசிக்கு ஐம்பத்திரண்டு வயசு. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் வாயை அவர்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

தோள் வலி மட்டும் பொய்யில்லை, பாவம். எட்டு மாசமாக வலது கை தோளுக்கு மேலே ஏற மறுத்தது. வேலை செய்கிற இரும்புச் சாமான் கடையில் மேல் தட்டு ஆணிப் பெட்டியை எடுக்க முடியவில்லை. கடை முதலாளி தவுக்கே இரண்டு தடவை முறைத்துப் பார்த்துவிட்டான். பனியனைத் தலைவழியே மாட்ட முடியாமல் பொத்தான் வைத்த சட்டையாகவே போட்டுத் திரிந்தார். இடது கையால் தலை வாரியதில் முப்பது வருஷமாக இடப் பக்கம் இருந்த வகிடு வலப் பக்கம் போய்விட்டது. ராத்திரி வலப் பக்கம் ஒருக்களிக்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

இந்தத் தோள் எப்படிக் கெட்டது என்று கேட்டால் அதற்குப் பீடோர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே சன்னாசியும் பெண்டாட்டி செல்லாயியும் ரப்பர் மரத்தில் பட்டை வெட்டிப் பால் எடுத்தார்கள். பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் மாட்டி, கம்பைத் தோளில் வைத்து ஸ்டோருக்குச் சுமந்து வரவேண்டும். சன்னாசி தன் வாளிகளை இறக்கிவிட்டு மறுபடி காட்டுக்குள் ஓடுவார், செல்லாயியின் வாளிகளைச் சுமந்து வர. பிரசவத்தில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதிலிருந்து பதினோரு வருஷம் அப்படித்தான். அந்தத் தோட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. விடிகாலை பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆளெடுக்கிற கிராணிக்குக் கண் மங்கல். நம்பரைக் கூப்பிட்டதும் வலது கை காதோடு ஒட்டி நட்டமாக மேலே போகவேண்டும். பாதிக் கை தூக்கியவனுக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அறுபத்திரெண்டாம் நம்பர் சன்னாசி பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அரைப்பேர் வாங்கியவரில்லை.

தைலம் தேய்த்துப் பார்த்தாயிற்று, மாத்திரை விழுங்கிப் பார்த்தாயிற்று. கடைசியில் எலும்பு டாக்டர் அருளம்பலத்திடம் தனியாகப் போனார். செல்லாயிக்கு அன்று முறுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. அவள் பிழிகிற முறுக்குதான் புந்தோங் பசாரில் நாலு கடைக்குப் போகும்.

டாக்டர் கையைத் திருப்பினார், முறுக்கினார், படம் எடுத்துப் பார்த்தார்.

"நார் அறுந்துபோகலை. தோள் இறுகிக் கிடக்கு, அவ்வளவுதான். இன்னைக்கு ஒரு ஊசி போடுறேன். வீட்டுல தெனமும் பயிற்சி செய்யணும். மூணு மாசம்."

"அதுக்கப்புறம் ஆபரேஷனா டாக்டர்?"

"அவசரப்படாதீங்க. ஊசியும் போட்டு, மூணு மாசம் ஒழுங்கா பயிற்சியும் செஞ்சு, அப்பவும் கை ஏறலைன்னா, ராத்திரி தூங்கவிடலைன்னா, அப்போ கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுக்கிறேன். கை ஏறிட்டா அந்தப் பக்கமே போகவேணாம்."

இவ்வளவு சொன்னாரா? சன்னாசி காதில் விழுந்தது மூன்றே வார்த்தை. மூணு மாசம். கோலாலம்பூர். கூடவே ஆரஞ்சு வாசனையும் வந்த மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு தாளும் கொடுத்தார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். படம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு படத்தில் ஒருவன் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுகிறான். இன்னொரு படத்தில் உருளையில் தொங்குகிற கயிற்றை இரண்டு கையாலும் இழுக்கிறான். பஸ்ஸில் வரும்போதே சன்னாசி கணக்குப் போட்டுவிட்டார். இதைச் செய்தால் கை ஏறிவிடும். கை ஏறினால் கோலாலம்பூர் போச்சு. ஆகவே செய்யக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் தாளை நாலாக மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். சாமி காட்டிக்கொடுக்காது என்று ஒரு நம்பிக்கை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று செல்லாயி கேட்டாள்.

"மூணு மாசம் கையை அசைக்கவே கூடாதாம். அப்புறம் ஆபரேஷன்."

"அசைக்கவே கூடாதா?"

"கூடாதுன்னா கூடாதுலா. பெரிய டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப சரி" என்றாள் செல்லாயி.

சன்னாசிக்கே ஆச்சரியம். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் இவ்வளவு சுருக்கமாகத் தலையாட்டியதில்லை. நாமும் சாமர்த்தியசாலிதான் போலிருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டார், இடது கையால்.

அடுத்த வாரம் இளையதம்பி ஒரு பறவைக் கூண்டோடு வந்து நின்றார். உள்ளே ஒரு மெர்போக் புறா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"சன்னாசி, ஒரு உதவி. எங்கட வீட்டுப் பக்கம் ஒரு பூனை திரியுது. இதைக் கொஞ்ச நாளைக்கு உங்கட வீட்டில வச்சிருப்பீங்களோ? காலையில கம்பத்தில ஏத்தோணும், பின்னேரம் இறக்கோணும். உயரத்தில இருந்தால்தான் கூவும்."

சன்னாசி வாயைத் திறப்பதற்குள் செல்லாயி முந்திக்கொண்டாள்.

"ஐயோ, அவரால முடியாதுங்கண்ணே! கம்பத்துல கயிறு இழுக்கணும்ல. அவரு ஒடம்பு இப்ப அதுக்கெல்லாம் லாயக்கில்ல. வயசாயிடுச்சு பாருங்க."

"யாருக்குடி வயசாச்சு?" சன்னாசிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நாலு வாளிப் பாலைச் சுமந்தவன் நான். ஒரு புறாக் கூண்டத் தூக்க முடியாதா? வச்சிட்டுப் போங்கண்ணே!"

"டாக்டர் அசைக்கக் கூடாதுன்னாரே?"

"டாக்டர் புறாவப் பத்தி ஒண்ணும் சொல்லல!"

மறுநாளே வாசலில் மூங்கில் கம்பம் நின்றது. உச்சியில் உருளை. கயிற்றை இடது கை ஒருமுறை, வலது கை ஒருமுறை என்று மாற்றி மாற்றி எட்டிப் பிடித்து இழுக்கவேண்டும். ஒற்றைக் கையால் இழுத்தால் கூண்டு தடுமாறியது, மெர்போக் இறக்கையை அடித்துக்கொண்டு சத்தம் போட்டது. முதல் வாரம் சன்னாசிக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் புறா உச்சிக்குப் போய் முதல் தடவை கூவியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம் காலை ஏழு மணிக்கு அவரை யாரும் எழுப்பவேண்டியிருக்கவில்லை.

அதோடு முறுக்கு விவகாரம் ஒன்று கிளம்பியது.

சமையலறைக் கதவுக்கு வலப் பக்கச் சுவரில் ஐந்து பலகை அடித்த தட்டு ஒன்று உண்டு. ஒருநாள் அதன் இரண்டாம் பலகையில் செல்லாயி ஒரு மைலோ டின்னை வைத்தாள்.

"இது கடைக்குப் போற முறுக்கு. யாரும் தொடக்கூடாது. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

இப்படிச் சொன்னால் எந்த ஆம்பளை சும்மா இருப்பான்? அவள் பின்கட்டில் முறுக்குப் பிழிகிற நேரம் பார்த்து சன்னாசி உள்ளே புகுந்தார். ஒரே ஒரு தொந்தரவு. கதவின் கொக்கி எப்படியோ கழன்று போயிருந்தது. பிடிக்காவிட்டால் கதவு தானாகத் திறந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இடது கையால் கதவை இழுத்துப் பிடித்தார். திருடுவதற்கு மிச்சம் இருந்தது வலது கைதான். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். இரண்டு முறுக்கு. அவள் எண்ணவே இல்லை. சன்னாசிக்கு அது தித்தித்தது, உப்பு முறுக்காக இருந்தும்.

பத்து நாள் கழித்து டின் மூன்றாம் பலகைக்கு ஏறியிருந்தது.

"சந்தேகம் வந்திடுச்சு அவளுக்கு. ஒளிக்கிறா" என்று சன்னாசி தனக்குள் சிரித்துக்கொண்டார். விரல்களைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு விரலாக மேலே நடத்தி, டின்னை எட்டிப் பிடித்தார். இன்னும் மூன்று வாரத்தில் அது நாலாம் பலகைக்குப் போனது. விரல்களும் பின்னாலேயே போயின. இரண்டு மாசம் முடிந்தபோது டின் ஐந்தாம் பலகையில், கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. சன்னாசி குதிகாலைத் தூக்கிக்கொண்டு அதையும் பிடித்துவிட்டார். ஐந்து பலகையும் அவரிடம் தோற்றுவிட்டன. தன் பெண்டாட்டியை இப்படி ஜெயித்துக்கொண்டே இருக்கிற ஆள் பேராக்கிலேயே வேறு யாரும் இருக்கமாட்டான் என்று அவருக்குக் கர்வம்.

மூன்றாம் மாசக் கடைசியில்தான் விஷயம் உறைத்தது. ஒருநாள் பனியனைத் தலைவழியே மாட்டிவிட்டார். மாட்டிய பிறகுதான் மாட்டியது தெரிந்தது. அவசர அவசரமாகக் கழற்றிப் பொத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டார். அடடா, கை ஏறுகிறதே! பயிற்சி ஒன்றுகூடச் செய்யவில்லையே, எப்படி ஏறுகிறது? ஊசி மருந்து இவ்வளவு நாள் கழித்து வேலை செய்கிறதோ? இன்னும் நாலு நாளில் டாக்டரைப் பார்க்கவேண்டும். கோலாலம்பூர் ரயில் கண்ணுக்கு முன்னாலேயே கிளம்பிப் போகிற மாதிரி இருந்தது.

நடிப்பு ஒன்றுதான் வழி. குளிக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தார். கையை மார்பு வரைக்கும் தூக்குவது, நிறுத்துவது, "ஐயய்யோ" என்பது.

"என்னங்க அங்க சத்தம்?" வெளியிலிருந்து செல்லாயி குரல்.

"தோளு வலிக்குதுடி."

"இதுக்கு முன்னாடி வலிச்சப்ப இப்படி ராகம் போட்டுக் கத்தலையே? அக்கம்பக்கம் கேட்டா ஆளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுடுவாங்க."

நாலாம் நாள் டாக்டரிடம் செல்லாயியும் கூட வந்தாள். ஆபரேஷன் என்றால் பெண்டாட்டி கையெழுத்துப் போடவேண்டுமே என்றாள். சன்னாசிக்கு மனசு குளிர்ந்தது. கட்டில் பக்கத்தில் அவள் ஆரஞ்சு உரிக்கிற மாதிரிகூட நினைத்துப் பார்த்தார்.

"எங்க, கையத் தூக்குங்க" என்றார் டாக்டர் அருளம்பலம்.

சன்னாசி தூக்கினார். மார்பு வரை வந்தது. நின்றது. "ஐயய்யோ!"

"மூணு மாசம் பயிற்சி செஞ்சீங்களா?"

"தெனமும் டாக்டர். ரெண்டு வேளை."

சாமி குற்றமாகிவிடுமோ என்று ஒரு நிமிஷம் பயந்தார். பரவாயில்லை, முருகன் பொறுத்துக்கொள்வார். டாக்டர் பெருமூச்சு விட்டார். இன்னொரு தடவை தூக்கச் சொன்னார். இன்னொரு "ஐயய்யோ." டாக்டர் பேனாவை எடுத்துக் கடிதத் தாளை இழுத்தார். கோலாலம்பூர் என்று எழுதக்கூட ஆரம்பித்துவிட்டார். சன்னாசி கண்ணைப் பாதி மூடிக்கொண்டார், வலி தாங்காதவர் மாதிரி.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கட்டையாக, மூக்கால் இழுத்து, அந்தக் கண் மங்கல் கிராணியின் குரலைப் போலவே கேட்டது.

"அறுபத்திரெண்டு! சன்னாசி!"

"வந்தேன்யா!"

கை போய்விட்டது. வலது கை. காதோடு ஒட்டி, நட்டமாக, விரல் விறைத்து மேலே நின்றது. சன்னாசி நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய கைதான். இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா" என்றார். சிரிப்பை அடக்க அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பிறகு எழுந்து வந்து தோளைப் பிடித்து எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்த்தார். "பிரமாதமா இருக்கு. ஆபரேஷன் எதுக்கு? இவ்வளவு நல்லா பயிற்சி செஞ்ச ஆளை நான் பாத்ததே இல்லை. விட்டுடாம செய்யுங்க."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. சன்னாசி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். செல்லாயி பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒரு மூலையில் சந்தனப் பொட்டு ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை சாமி படத்த எறக்கித் தொடைக்கிறது யாரு? நீங்களா?"

சன்னாசி தாளைப் பார்த்தார். சுவரில் விரல் நடத்துகிறவன். கயிறு இழுக்கிறவன். அவருக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது.

"அப்ப அந்த முறுக்கு டின்னு?"

"உங்களுக்குன்னே தெனமும் ரெண்டு கூடப் பிழிஞ்சேன்."

"கதவுக் கொக்கி?"

"நான்தான் கழட்டுனேன்."

"மெர்போக்கு? பூனை வருதுன்னு இளையதம்பியண்ணன் சொன்னாரே!"

"புந்தோங்குல எந்த வீட்டுலதான் பூனை இல்ல? நான் போயிக் கேட்டேன், கொடுத்தாரு. அவரே சொன்னாரு, ஆறு மாசம் டாக்டர் சொன்னதெல்லாம் செஞ்சு பாத்தும் காலு மடங்கலையாம், அதுக்கப்புறந்தான் ஆபரேஷனாம். நீங்க ஆரஞ்சப் பாத்தீங்க. அந்த ஆறு மாசத்தப் பாக்கலை."

பஸ் குலுங்கியது. சன்னாசி இடது கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தார். இடது தோளில் சுருக்கென்று ஒன்று குத்தியது. பத்து, பதினோரு மாசமாக இரண்டு கை வேலையையும் அந்த ஒரு கைதானே பார்த்திருந்தது. அவர் மூச்சுக் காட்டவில்லை. மெதுவாகக் கையை மாற்றிக்கொண்டார்.

"ஆரஞ்சுக்காக இல்லடி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தவமணியக்கா அவருக்கு வாயத் தொடச்சிவிட்டாங்க. அதப் பாத்தேன்."

செல்லாயி அவர் மடியிலிருந்த தாளை எடுத்து மறுபடி நாலாக மடித்தாள்.

"பதினோரு வருசம் என் வாளியச் சுமந்த தோளு அது" என்றாள். "வேற வழி இல்லன்னா நானே கூட்டிக்கிட்டுப் போயி, பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அதுக்கு முன்னாடி என்னால ஆனதப் பாக்கவேணாமா? பதினோரு மாசமா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

சன்னாசி கண்ணைக் கசக்கினார். ஜன்னல் தூசி கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் செல்லாயி முறுக்கு உழக்கை ஓரமாக வைத்துவிட்டு, சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து, அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முதல் கவளத்தை ஊட்டினாள். "கை நல்லா இருக்கிற மனுசனுக்கு ஊட்டுறேன், யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்றாள். ஆனாலும் தட்டு காலியாகும் வரைக்கும் ஊட்டி, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். சன்னாசி கோலாலம்பூரை அத்தோடு மறந்துவிட்டார். படுக்கும்போது வலப் பக்கம் ஒருக்களித்து அவளைப் பார்த்துப் படுத்தார்.

இடது தோள் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஒன்று கையில் இருக்கட்டும், அவளுக்குத் தெரியாத ஒன்றாவது நம்மிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புறாவை ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் சமையலறைக்குள் நுழைந்து கையை நீட்டினார். ஐந்தாம் பலகை காலி. சுற்றிலும் பார்த்தார்.

கதவுக்கு இடப் பக்கச் சுவரில் புதிதாக ஐந்து பலகை அடித்திருந்தது. மைலோ டின் இரண்டாம் பலகையில் உட்கார்ந்திருந்தது.